பழைய பிரிட்டிஷ் ஃபைபர் கிட் காரை வாங்கி, பிரித்து, திரும்பப் பூட்டி ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

"ஃபைபர் பாடி சார், துருவே பிடிக்காது." பழைய பிரிட்டிஷ் கிட் காரை விற்பவர்கள் எந்த மொழியில் பேசினாலும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்வது உண்மை. ஆனால் அந்த ஃபைபருக்கு அடியில் இருக்கும் இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்கும். தகரக் கார் என்றால் கதவின் அடியில் ஓட்டை விழுந்து, பெயின்ட் கொப்பளித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஃபைபர் கார் கடைசிவரை பளபளவென்று நிற்கும். பாடியைப் பார்த்து விலை பேசியவர்கள் பலர், வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாக்கி போட்ட அன்றுதான் தாங்கள் என்ன வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வையுங்கள். இந்தக் கார் ஒவ்வொன்றையும் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கம்பெனிக்காரர். மற்றவர் அதை உதிரியாக வாங்கிவந்து வீட்டுக் கொட்டகையில் பூட்டிய முதல் சொந்தக்காரர். ஒரே வருடத்து ஒரே மாடல் இரண்டை அருகருகே நிறுத்துங்கள்: ஒயர் போகும் வழி வேறாக இருக்கும், போல்ட்டின் நீளம் வேறாக இருக்கும், பெட்ரோல் குழாயைக் கட்டியிருக்கும் விதம் வேறாக இருக்கும். நான் இங்கிலாந்தில் ஒரு ஜினெட்டா ஜி15-ஐ நாலு வருடம் பிரித்துப் பூட்டினேன். அதில் எனக்குப் பிடிபட்ட பெரிய விஷயம் இதுதான்: முகம் தெரியாத அந்த முதல் மனிதரின் கையைப் படிக்க வேண்டும். எங்கே பொறுமையாக வேலை செய்தார், எங்கே அவசரப்பட்டார் என்று தெரிந்துவிட்டால், எங்கே தோண்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை சின்னக் கம்பெனிகள்?

வரலாறு தெரியாமல் இந்தக் கார்களை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தகரத்தில் கார் பாடி செய்ய வேண்டுமானால் பெரிய பெரிய பிரஸ் எந்திரங்களும் அவற்றுக்கான அச்சுகளும் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்த முதலீடு திரும்பும். ஃபைபருக்கு ஒரே ஒரு அச்சு போதும். அதற்குள் மெழுகு தடவி, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைப் பூசி, கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டினால் பாடி வந்துவிடும். நம் கடற்கரையில் ஃபைபர் படகு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பொருளும் அதே, கைப்பழக்கமும் அதே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பொருள்கள் சாதாரண ஆட்களுக்கும் கிடைக்கத் தொடங்கின. 1950களில் ஆஷ்லி, ஃபால்கன், ராச்டேல் போன்ற சிறு பட்டறைகள் வெறும் ஃபைபர் பாடிகளை விற்றன. பழைய ஆஸ்டின் செவன் காரையோ, 1172 சிசி இஞ்சின் கொண்ட சின்ன ஃபோர்டையோ வாங்கி, பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தச் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் இதை உட்கார வைத்தால் ஸ்போர்ட்ஸ் கார் தயார்.

பிறகு முழு கிட் விற்கும் கம்பெனிகள் வந்தன. அதற்குக் காரணம் வரி. அன்றைய பிரிட்டனில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. 1959-ல் அதைக் குறைத்த பிறகும் அது 50 சதவீதம்! 1962 கடைசியில்தான் 25-க்கு இறங்கியது. ஆனால் உதிரியாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. 1962-ல் லோட்டஸ் இலான் வந்தபோது பூட்டிய கார் 1,499 பவுண்டு, கிட்டாக வாங்கினால் 1,095 பவுண்டு. இதற்கு நிபந்தனைகள் இருந்தன. காசு கொடுத்து ஆள் வைத்துப் பூட்டக் கூடாது. கிட்டோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கவும் கூடாது. அதனால் லோட்டஸ்காரர்கள் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

வேல்ஸில் பாண்டிபிரித் ஊருக்குப் பக்கத்தில் ஜைல்ஸ் ஸ்மித் என்ற இறைச்சிக் கடைக்காரரும், பெர்னார்ட் ஃப்ரீஸ் என்ற ஜெர்மன் பொறியாளரும் கடைக்குப் பின்புறத்தில் ஒரு கார் செய்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து 'கில்பெர்ன்' என்று வைத்தார்கள். 1959-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி பிறகு பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் இடத்துக்கு மாறியது. சஃபோக்கில் உட்பிரிட்ஜ் ஊரில் வாக்லெட் சகோதரர்கள் நாலு பேர் 1958-ல் ஜினெட்டாவைத் தொடங்கினார்கள். பிளாக்பூலில் டிரெவர் வில்கின்சன் தன் பெயரிலிருந்து மூன்று எழுத்தை எடுத்து டிவிஆர் என்று வைத்தார். ஜெம் மார்ஷ், ஃபிராங்க் காஸ்டின் இருவரும் சேர்ந்தது மார்கோஸ். காஸ்டின் டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனியில் இருந்தவர். அதனால் ஒட்டுப்பலகையில் சேசிஸ் செய்ய அவருக்குத் தயக்கமே இல்லை. அந்தக் கம்பெனி பிறகு ஃபைபரில் செய்த மினி மார்கோஸ்தான் 1966 லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை முடித்த ஒரே பிரிட்டிஷ் கார். பெரிய கம்பெனிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிட் கார் போய் முடித்துவிட்டு வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. கிட்டுக்கும் வரி விழுந்தது. அதே ஆண்டு கடைசியில் பெட்ரோல் நெருக்கடி. கில்பெர்ன் அந்த ஆண்டே மூடியது. லோட்டஸ் செவனின் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. அந்தக் கார் இன்றும் விற்கிறது.

தென்னிந்தியாவில் 1980களில் வளர்ந்தவர்களுக்கு ஃபைபர் கார் முற்றிலும் புதிதல்ல. பெங்களூரில் செய்த சிபானி டால்பின் நினைவிருக்கும். அதன் மூலம் இங்கிலாந்தின் டாம்வொர்த் ஊரிலிருந்த ரிலையன்ட் கம்பெனியின் கிட்டன் கார். அது கிட்டாக விற்ற காரல்ல, ஆனால் பாடி ஃபைபர்தான்.

படி 1: எந்தக் கார் என்று முடிவு செய்வது

அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடியில் யாருடைய பாகம் என்று பாருங்கள். இந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சொந்தமாக இஞ்சின் வார்க்கவில்லை. ஃபோர்டு, டிரையம்ஃப், எம்ஜி, ஹில்மன் என்று பெரிய கம்பெனிகளின் பாகத்தை வாங்கித்தான் பூட்டினார்கள். அதனால் கார் அபூர்வமாக இருந்தாலும் பிரேக் பேட் அபூர்வமாக இருக்காது. உதாரணமாக, டிவிஆர் விக்சன் ஃபோர்டு 1600 இஞ்சினோடு வந்தது. அதன் பின்விளக்குகூட ஃபோர்டு கார்ட்டினாவின் விளக்குதான்.

முதல்முறை வாங்குபவருக்கு நான் மூன்று சொல்வேன். 1980களின் டட்டன் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு எஸ்கார்ட் பாகங்கள், எளிய சேசிஸ், விலையும் குறைவு. கொஞ்சம் அனுபவம் இருந்தால் ஜினெட்டா ஜி15. ஹில்மன் இம்ப்பின் 875 சிசி அலுமினிய இஞ்சின் பின்னால் இருக்கும், காரின் எடை அரை டன்தான், சுமார் 800 கார்கள் செய்தார்கள். குடும்பத்தோடு போக வேண்டும் என்றால் கில்பெர்ன். முதலில் வந்த ஜிடி மாடலில் பெரும்பாலும் எம்ஜி இஞ்சின், ஜீனியிலும் இன்வேடரிலும் ஃபோர்டு வி6.

மார்கோஸ் ஜிடி மீது ஆசை இருந்தால் 1969 வாக்கில்தான் மரச் சேசிஸிலிருந்து இரும்புக்கு மாறினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். மரம் துருப்பிடிக்காது, ஆனால் உளுத்துப்போகும். சேசிஸே இல்லாமல் முழுக்க ஃபைபராலேயே நிற்கும் கார்களும் உண்டு: 1957-ல் காட்டிய லோட்டஸ் எலீட், ராச்டேல் ஒலிம்பிக், 1971-ல் வந்த கிளான் குரூசேடர். இவற்றில் ஃபைபர் வெறும் சட்டையல்ல, எலும்பே அதுதான். ஃபைபர் வேலையில் கை பழகாதவர்கள் இந்த மூன்றையும் முதல் காராக எடுக்க வேண்டாம்.

படி 2: பார்க்கப் போகும் நாள்

ஒரு டார்ச், கைப்பிடி உள்ள சின்னக் கண்ணாடி, பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தி, ஒரு நாணயம், தரையில் விரிக்க ஒரு பாய். மழை பெய்யும் நாளில் போகாதீர்கள். நனைந்த பாடியில் எந்தக் குறையும் தெரியாது.

முதலில் நாணயத்தை எடுத்து பாடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கறாராகச் சத்தம் கொடுக்கும். அடுக்குகள் விட்டுப்போன இடத்தில் அது 'பொத்' என்று மாறும். காது பழக ஐந்து நிமிடம்தான் ஆகும். பட்டி கனமாக அப்பிய இடமும் இப்படித்தான் ஒலிக்கும். 'பொத்' என்ற இடத்தை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜெல்கோட் வெடிப்புகள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி சிலந்திவலை போலத்தான் இருக்கும். ஆனால் வெடிப்பின் வடிவத்துக்கு ஒரு மொழி உண்டு. வட்டம் வட்டமாக, நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அடி விழுந்திருக்கிறது; சக்கரத்துக்கு மேலே அப்படி இருந்தால் டயர் வீசிய கல் உள்ளேயிருந்து அடித்தது. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது, அடியில் தாங்கும் பாகம் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. போல்ட் துளையிலிருந்து கிளம்பினால் பூட்டியவர் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார். முதல்வகையும் மூன்றாம் வகையும் பரவாயில்லை. இரண்டாம் வகையைப் பார்த்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பிறகு பாயை விரித்து அடியில் படுங்கள். விற்பவர் பொறுமையிழந்தாலும் நீங்கள் பொறுமையிழக்காதீர்கள். குழாய்ச் சேசிஸைச் சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு மணி போலப் பேசும். டிவிஆரில் நடுச் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் குழாய்கள்தான் முதலில் போகும். கில்பெர்ன் போன்றவற்றில் பாடியும் குழாயும் ஃபைபரால் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டின் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை அந்த விளிம்பில் அழுத்திப் பாருங்கள். பழுப்பு நிறத் தூள் உதிர்ந்தால் உள்ளே நிலைமை மோசம்.

லோட்டஸ் இலானில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. முன்பக்கக் குறுக்குச் சேசிஸின் உட்பகுதியை, முகப்பு விளக்கைத் தூக்கும் வெற்றிடத் தொட்டியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்குள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் விளக்கு ஒழுங்காக நிற்காது. எனவே இலானில் விளக்கு கோளாறு என்று விற்பவர் சாதாரணமாகச் சொன்னால், விளக்கைப் பார்க்காதீர்கள், சேசிஸைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸ் மாற்றிய கார் என்றால் அதற்கான ரசீதைக் கேளுங்கள். அப்படி மாற்றியிருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம்.

இன்னும் ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இந்தக் கார்களில் பலவற்றின் முன்சக்கரம் டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வகைப் பாகத்தில் நிற்கிறது. அதன் அடியில் டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டு இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு மரையோடு அதற்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான 90 கியர் ஆயில். பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போய்ச் சேராது, அங்கே தண்ணீர் தங்கித் தண்டு அரித்துவிடும். ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்துவிடும். நான் என் காரில் இதைக் கழற்றியபோது வலப்பக்கத் தண்டில் எண்ணெய் மினுங்கியது. இடப்பக்கத்தில் காய்ந்துபோன கிரீஸும் அதற்குக் கீழே மரையில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமும் இருந்தன. ஒரே காரில், ஒரே மனிதர் பார்த்த இரண்டு பக்கம். வாங்கியதும் இரண்டையும் கழற்றி, சந்தேகம் வந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். விலை பெரிதல்ல.

இஞ்சினைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, எல்லாம் பரவலாகத் தெரிந்த இஞ்சின்கள். இம்ப் இஞ்சினை மட்டும் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிட்டு, வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். அலுமினியம் என்பதால் ஒருமுறை கொதித்தாலும் ஹெட் வளைந்துவிடும்.

படி 3: காகிதம்

பிரிட்டனில் வாங்கினால் வி5சி என்ற பதிவுப் புத்தகம் கையில் வர வேண்டும். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள். வி5சி-யில் பெயர் இருப்பவர் காரைக் கவனிக்கும் பொறுப்பாளர் மட்டுமே. சொந்தக்காரர் என்பதற்கு அது சான்று ஆகாது. எனவே விற்பனை ரசீதும் வாங்குங்கள்.

கிட் காரில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. முதலில் பூட்டியவர் சிலசமயம் பாகம் எடுத்த பழைய காரின் பெயரிலேயே வண்டியை ஓட்டியிருப்பார். புத்தகத்தில் ஃபோர்டு என்று இருக்கும், வாசலில் நிற்பது வேறு காராக இருக்கும். அந்தந்தக் காரின் உரிமையாளர் சங்கங்களுக்கு எழுதிக் கேளுங்கள். ஜினெட்டாவுக்கும் கில்பெர்னுக்கும் டிவிஆருக்கும் தனித்தனிச் சங்கம் இருக்கிறது. சேசிஸ் எண்ணைப் படித்து எந்த மாடல், எந்தக் காலம் என்று சொல்லக்கூடிய மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். காகிதமே இல்லாத பாடியையும் சேசிஸையும் மலிவாக வாங்கினால், அதைச் சாலைக்குக் கொண்டுவர ஐவிஏ என்ற தனிவண்டிச் சோதனையைத் தாண்ட வேண்டியிருக்கும். வயதை நிரூபிக்க முடியாவிட்டால் கியூ எழுத்தில் தொடங்கும் பதிவெண்தான் கிடைக்கும். 2009 முதல் இருக்கும் இந்தச் சோதனையின் விதிகளில் 1960களின் காரைத் தேர்ச்சிபெற வைப்பது பெரிய வேலை. மலிவு என்று மயங்காதீர்கள்.

படி 4: பிரிப்பது

ஒரு வாரம் முன்பே எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். தினமும் ஒருமுறை. கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, பிறகு தளர்த்துங்கள்.

ஃபைபர் காரில் நட்டுகள் பல ஃபைபருக்குள்ளேயே புதைந்திருக்கும். போல்ட் விடாமல், புதைந்த நட்டு உள்ளே சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். வலுக்கட்டாயமாகத் திருகினால் சுற்றியுள்ள ஃபைபர் கிழியும். கேஸ் டார்ச்சால் சூடும் காட்டாதீர்கள். ஃபைபரில் இருக்கும் பாலியஸ்டர் ரெசின் நன்றாக எரியும். போல்ட்டின் தலையைத் துளையிட்டு எடுத்துவிடுவதே நல்லது. போல்ட் போனால் போகட்டும், பாடி பிழைக்கும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு படம், கழற்றிய பின் பெயர் எழுதிய டப்பா. பாடியும் சேசிஸும் ஒட்டிய காராக இருந்தால் பிரிக்க முயலாதீர்கள்.

படி 5: சேசிஸ்

எதையும் வெட்டும் முன் மூலைக்கு மூலை அளந்து எழுதுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவர வேண்டும். அழுகிய குழாய்களை ஒரே நாளில் எல்லாம் வெட்டாமல் ஒன்றை வெட்டி, புதிதை வெல்டு வைத்து, ஆறியதும் மறுபடி அளந்து, பிறகு அடுத்தது. ஃபைபருக்குப் பக்கத்தில் வெல்டு வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஃபைபர் மேல் ஈரத்துணி போடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

புதுக் குழாயைத் திரும்ப ஃபைபரால் மூடுவதற்கு முன் அதற்கு எபாக்சி பிரைமர் அடியுங்கள். அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய வழி விடுங்கள். குழாயின் உள்ளே மெழுகு செலுத்துங்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் செய்யாததால்தான் இன்று நாம் அடியில் படுத்துக்கிடக்கிறோம்.

படி 6: ஃபைபர் வேலை

பலரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அளவும் வெப்பமும் சரியாக இருக்க வேண்டும். முன் மட்கார்டில் கையளவு உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கிரீஸ் நீக்கியால் துடையுங்கள். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மேலே இருக்கும் மெழுகும் எண்ணெயும் ஃபைபருக்குள் தேய்ந்து ஏறிவிடும், பிறகு எதுவும் ஒட்டாது. அடுத்து, உட்புறமாக, உடைப்பைச் சுற்றிச் சரிவாகத் தேயுங்கள். பாடியின் கனம் 3 மில்லிமீட்டர் என்றால், அதன் பன்னிரண்டு மடங்கு, அதாவது 36 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு இருக்க வேண்டும். புது ஃபைபர் பிடித்து நிற்பது இந்தச் சரிவில்தான். வெளிப்புறத்தில் மெழுகு தடவிய பிளாஸ்டிக் தகட்டை வளைவுக்கு ஏற்றபடி ஒட்டிவிடுங்கள். அதுதான் உங்கள் தற்காலிக அச்சு.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள நறுக்கிழைப் பாய் வாங்குங்கள். ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வரும், ஆக மூன்று அடுக்கு வேண்டும். முதல் துண்டு சிறிது, அடுத்தது அதைவிடப் பெரிது என்று போக வேண்டும். ஓரங்களைக் கத்தரிக்காதீர்கள், கையால் பிய்த்தெடுங்கள். பிய்ந்த ஓரம் மெல்லியதாகிப் பழையதோடு கலந்துவிடும்.

பாயை நிறுத்துப்பாருங்கள். அதன் எடையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். நூறு கிராம் பாய்க்கு 250 கிராம் ரெசின் என்றால், அதை இறுக வைக்கும் ஹார்டனர் இரண்டு சதவீதம், அதாவது 5 கிராம். கண்ணளவு வேண்டாம், தராசு வேண்டும். கொட்டகையில் 18 முதல் 20 டிகிரி வெப்பம் இருந்தால் கால் மணி நேரம் போல வேலை செய்ய முடியும். கலந்ததை உயரமான டப்பாவில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றுங்கள்; டப்பாவில் தேங்கினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

நான் முதல் வருடம் டிசம்பரில், 8 டிகிரிக் குளிரில் இந்த வேலையைச் செய்தேன். மறுநாள் காலையில் தொட்டால் விரலில் ஒட்டியது. மூன்று நாள் கழித்தும் ஒட்டியது. முழுவதையும் சுரண்டி எடுத்து, அசிட்டோன் போட்டுத் துடைத்து, ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினேன். குளிரில் ஹார்டனரைக் கூட்டிப் போட்டு ஈடுகட்ட நினைக்காதீர்கள். இடத்தைச் சூடாக்குங்கள், அல்லது பருவம் மாறும்வரை காத்திருங்கள்.

தேய்த்த இடத்தில் ரெசின் பூசி, பாயை வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துப் பூசினால் இழை கலைந்துவிடும். வெள்ளையாக இருக்கும் பாய் நனைய நனையக் கண்ணாடி போலத் தெளியும். வெள்ளை தெரியும் இடமெல்லாம் ரெசின் போகாத இடம். பிறகு உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழியை ஓரத்துக்கு விரட்டுங்கள். மூன்று, நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம்.

பாலியஸ்டருக்குப் பதில் எபாக்சி என்ற வேறு வகை ரெசின் பழைய ஃபைபரில் இன்னும் நன்றாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் சாதாரண நறுக்கிழைப் பாயைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சி என்றால் நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். எபாக்சி மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூடிய கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டர் என்ற திரவத்தைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றுசேர்க்கவே கூடாது, வெடிக்கும். தேய்க்கும்போது நுண்தூசிக்கான முகக்கவசம், ரெசின் கலக்கும்போது ஆவிக்கான முகக்கவசம்; இரண்டும் வேறு வேறு.

ஜெல்கோட் வெடிப்பின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் அதே கோடு மேலே வந்துவிடும். வெடிப்பின் அடிவரை தேய்த்தெடுத்து, மெல்லிய கண்ணாடி டிஷ்யூவை ரெசினில் ஒட்டி, அதன்மேல் பட்டி பாருங்கள்.

படி 7: ஒயரிங்கும் எர்த்தும்

தகரக் காரில் பாடியே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பிப் போகத் தனி ஒயர் வேண்டும். முதலில் பூட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே எர்த் ஒயரை விளக்குக்கு விளக்கு தொட்டுக்கொண்டு போயிருப்பார்கள். அதில் ஒரு முனை பச்சை பூத்தால் போதும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். மின்சாரம் வேறு விளக்கின் வழியாகத் திரும்ப முயல்கிறது என்று பொருள். பல்பை மாற்றிக் காலத்தை வீணாக்காதீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு செம்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் அங்கே தனித்தனி ஒயர் கொண்டுவந்து, பட்டையிலிருந்து சேசிஸுக்கும் பேட்டரிக்கும் கனமான ஒயர் போடுங்கள்.

பழைய பிரிட்டிஷ் ஒயர் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கறுப்பு எர்த். பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, ஃப்யூஸ் கிடையாது, அதைத் தொடும்போது பேட்டரி கழன்றிருக்க வேண்டும். வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃப்யூஸ் வழி வருவது, ஊதா எப்போதும் உயிரோடிருக்கும் ஃப்யூஸ் வழி, சிவப்பு சைடு விளக்கு. நிறங்கள் இந்த ஒழுங்கில் இருந்தால் பூட்டியவர் கவனமானவர். எல்லாம் ஒரே சிவப்பில் ஓடினால் முழு ஒயரிங்கையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது.

படி 8: பெயின்ட்

பழைய பெயின்ட்டைக் கையால்தான் தேய்த்தெடுக்க வேண்டும். ரசாயன நீக்கி ஜெல்கோட்டையும் தின்னும், மணல் வீச்சு அதைத் துளைத்துவிடும். புது ஃபைபர் வேலை முடிந்ததும் சில வாரம் காய விடுங்கள். அது மெல்லச் சுருங்கும், அவசரப்பட்டால் பாயின் இழை பெயின்ட்டுக்கு மேல் தடம் காட்டும். பெயின்ட் கடையில் அடிக்கக் கொடுத்தால், ஃபைபர் கார், சூடு குறைவாக வையுங்கள் என்று வாயால் சொல்லுங்கள், தாளிலும் எழுதிக் கொடுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது; வெளிக்காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் வீட்டில் அடிக்கவே கூடாது.

படி 9: முதல் ஓட்டம்

பிரிட்டனில் நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. உங்கள் காருக்கு அந்த விலக்கு பொருந்தினாலும் முதல் முறை கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள். நீங்களே பூட்டிய காரை வேறொரு கண் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸில், காரின் மதிப்பு எவ்வளவு என்பதை முன்பே ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். கிட் கார் என்பதைச் சொல்லாமல் எடுக்காதீர்கள்.

முதல் ஐம்பது மைல் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். தீயணைப்பான் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். திரும்பி வந்ததும், கார் சூடாக இருக்கும்போதே பெட்ரோல் குழாய் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை எல்லாம் ஆறிய பிறகு சக்கர நட்டு, சஸ்பென்ஷன் போல்ட், ஸ்டியரிங் இணைப்பு எல்லாவற்றையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி பாருங்கள். ஃபைபரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்கார்ந்து தளர்ந்திருக்கும். அவற்றுக்கு அகலமான வாஷர் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டு, இரண்டு டிரன்னியனுக்கும் கீழே எண்ணெய் கசிந்த தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் கசிந்திருந்தால் நல்லது, எண்ணெய் அடிவரை போயிருக்கிறது.